பழைய ஜாவா சைலன்சருக்கு வெல்டர் தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வண்டி 1950களின் பிற்பகுதியில் செய்த ஜாவா 250. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரே சிலிண்டர். ஆனால் அந்தச் சிலிண்டரில் புகை வெளியேற இரண்டு வாய்கள். அதனால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பெண்ட் பைப் (சிலிண்டரிலிருந்து வளைந்து சைலன்சருக்குப் போகும் குழாய்), இரண்டு சைலன்சர். ஜாவாவைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது இந்த ஜோடிதான். உரிமையாளர் வண்டியை மூடி வைத்து அழகு பார்ப்பவர் அல்ல, வாராவாரம் ஓட்டுபவர். நான் பழைய வண்டிகளைப் பிரித்துக் கோர்ப்பவன். இந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தேன். வெல்டிங் என் கைவேலை அல்ல, அதற்கு ஆள் தேட வேண்டியிருந்தது.

இடப்பக்கப் பைப்தான் பிரச்சினை. புதிதாக ஒன்று வாங்கிப் போடலாமே என்று பலரும் சொன்னார்கள். மறுதயாரிப்புப் பைப்புகள் கிடைக்கத்தான் செய்கின்றன. உரிமையாளர் தன்னுடைய இன்னொரு வண்டிக்கு அப்படி ஒரு ஜோடி வாங்கிப் போட்டவர். தகடு மெலிசு, வளைவு அச்சாக இல்லை, பின்னால் பூட்டும் காது ஒரு விரல்கடை தள்ளியிருந்தது. பைப்பை இழுத்துப் பிடித்துத்தான் போல்ட் போட முடிந்தது. அப்படி இழுத்துப் பூட்டிய பைப் எஞ்சின் அதிர்வில் என்றாவது ஒருநாள் விரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் சத்தத்தைக் குறைக்க மட்டும் இருப்பதில்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை திரும்பி வந்து, அடுத்து உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை தப்பிப் போகாமல் தடுப்பதும் அந்தப் பைப்பின் நீளத்தையும் உள்வடிவத்தையும் பொறுத்தது. எஞ்சின் எந்தப் பைப்போடு தொழிற்சாலையை விட்டு வந்ததோ அதோடுதான் அது சரியாக ஓடும். ஆகவே பழையதையே பழுது பார்ப்பது என்று முடிவானது. அந்த முடிவில் எங்கள் இருவருக்கும் கடைசிவரை சந்தேகம் வரவில்லை.

## பிரித்துப் பார்த்தபோது

கழற்றுவதற்கு முன்பே வண்டி சில அறிகுறிகளைக் காட்டியது. நின்று ஓடும்போது எஞ்சின் பக்கம் டிக் டிக்கென ஒரு ஒலி. ஆக்சிலேட்டரை மூடினால் பட்பட்டென வெடிப்பு. சிலிண்டர் வாய்க்குப் பக்கத்தில், பெண்ட் பைப்பின் அடியில், கருப்பாக எண்ணெய் வழிந்த கோடு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் கசிவு இருக்கும் இடம் தானாகவே கறுத்துவிடும். தேடவே வேண்டாம்.

கழற்றித் துடைத்துப் பார்த்ததில் தெரிந்தவை: சிலிண்டரோடு சேரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு விரிசல். சைலன்சரின் வயிற்றுப் பகுதியில் ஊசித் துளைகள். பின்பக்கக் காது தன் வெல்டிலிருந்து பாதி பிய்ந்திருந்தது. வளைவின் வெளிப்புறத்தில் ஒரு பழைய நசுங்கல்.

வயிற்றில் துளை விழுவதற்குக் காரணம் வெளியிலிருந்து வரும் துரு அல்ல. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வண்டி சிறிது தூரமே ஓடி நிற்கும்போதெல்லாம் சைலன்சர் முழுதாகச் சூடேறாமல் அந்த நீர் உள்ளேயே குளிர்ந்து, அமிலத்தன்மையோடு தாழ்வான இடத்தில் தங்குகிறது. தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே குரோம் பளபளவென இருக்க, உள்ளே காகிதமாகியிருக்கும். அதனால் கண்ணில் படும் துளையை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனோம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், மெலிந்த இடம் சொத்தையாக ஒலிக்கும். அப்படித் தட்டிச் சாக்பீஸால் எல்லை வரைந்ததில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதி தேறாது என்று தெரிந்தது.

காது பிய்ந்ததுதான் விரிசலுக்கு மூலம். பின்னால் காதுக்கும் சட்டத்துக்கும் இடையே இருக்க வேண்டிய வாஷர் இல்லை. யாரோ எப்போதோ அது இல்லாமலே முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். பைப் நிரந்தரமாக ஒரு பக்கம் இழுபட்டு நின்றிருக்கிறது. முதலில் காது பிய்ந்தது, பிறகு சைலன்சரின் மொத்த எடையும் முன்னால் சிலிண்டர் வாயில் தொங்கியது, அங்கே விரிந்தது. விரிசலை மட்டும் ஒட்டிவிட்டு வண்டியில் மாட்டினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விரியும்.

இன்னொன்று. விரிசலின் ஒரு முனையில் குரோம் உரிந்த இடத்தில் லேசான மஞ்சள் தெரிந்தது. எஃகில் மஞ்சளுக்கு வேலை இல்லை. முன்பொரு காலத்தில் அங்கே பித்தளை வைத்து ஒட்டி, மேலே குரோம் ஏற்றியிருக்கிறார்கள். இந்தச் சின்ன மஞ்சள் பின்னால் பெரிய முடிவுகளைத் தீர்மானித்தது.

## யாரிடம் கொடுப்பது

நல்ல வெல்டர் என்று யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள். எதில் நல்லவர் என்பதுதான் கேள்வி. பழைய பெண்ட் பைப்பின் தகடு ஒன்றேகால், ஒன்றரை மி.மீ. இருக்கும். துரு தின்ற இடத்தில் அதில் பாதிகூட இராது. வளைந்த பரப்பு, உள்ளே கரி, மேலே முலாம். கனமான இரும்பில் பல வருஷம் கை பழகியவருக்கும் இது வேறு உலகம்.

முதலில் போனது கேட், கிரில் செய்யும் பட்டறை. அங்கே ஆர்க் வெல்டிங், அதாவது மின்பொறியில் ராடையே உருக்கி வைப்பது. அவர் பைப்பைக் கையில் வாங்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது என் கைக்கு அடங்காது தம்பி. ராடு வச்சா ஊதிரும்.” பார்க்க வந்த வேலையை வேண்டாம் என்று சொல்வதும் ஒரு தொழில் தெரிந்த செயல். அவர்தான் எங்களுக்கு அடுத்த இரண்டு பெயர்களைச் சொன்னவர்.

அடுத்தவர் கார் சைலன்சர் வேலை செய்பவர், மிக் வெல்டிங்; மெஷினே கம்பியைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்கும். வேகமான கை. பைப்பைப் பார்த்த உடனேயே, மேலே ஒரு தகட்டை ஒட்டிச் சுற்றிலும் வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை என்றார். கார் அடியில் யாரும் பார்க்காத சைலன்சருக்கு அது சரியான தீர்வுதான், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மிக் வெல்டு மேடாக உட்காரும், கெட்டியாகவும் இருக்கும். குரோமுக்காக அதைத் தேய்த்துச் சமமாக்கும்போது பக்கத்து மெலிந்த தகடும் சேர்ந்து தேய்ந்து போகும். மேலே ஒட்டிய தகட்டுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ஈரம் நின்று துரு தொடரும்.

மூன்றாமவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்பவர், டிக் வெல்டிங்; உருகாத டங்ஸ்டன் ஊசியால் சூடாக்கி, கம்பியைத் தனியாகக் கையால் ஊட்டுவது. அவர் செய்து வைத்திருந்த குழாய் இணைப்புகளை இன்றும் மனதில் வைத்திருக்கிறேன், அவ்வளவு நேர்த்தி; மீன் செதில் அடுக்கியது போன்ற வரிசை. இவரேதான் என்று உரிமையாளர் முடிவே செய்துவிட்டார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். புதிய, சுத்தமான ஸ்டெயின்லெஸ் தகட்டில் அழகாக வைப்பதும், அறுபது வருஷம் எண்ணெய்ப் புகை குடித்த எஃகில் வைப்பதும் ஒரே திறமை அல்ல.

நான்காமவர் வயதானவர், கேஸ் வெல்டிங். டிங்கர் வேலையிலும் சைக்கிள் சட்டத்திலும் பழகிய கை. அசிட்டிலீன் ஆக்சிஜன் சுடரில் உருக்கி வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்பவர். இந்தப் பைப்புகள் புதிதாக இருந்த காலத்தில் பழுதுபார்ப்பு எல்லாம் இப்படித்தான் நடந்தது. கேஸ் வெல்டு மிருதுவாக இருக்கும், தட்டினால் தகட்டோடு தகடாகப் படியும். அதற்குக் குறை, சூடு பரவலாக ஏறும். மெலிந்த தகடு நெளிந்துவிடும்.

ஐந்தாமவரும் டிக் வெல்டர்தான். ஆனால் அவர் அன்றாடம் செய்வது இருசக்கர வண்டிகளின் சட்டம், பெட்ரோல் டேங்க் போன்ற பழுது வேலைகள். புதிதாக எதையும் செய்பவர் அல்ல, கெட்டதைச் சரி செய்பவர். பைப்பை வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். உள்ளே விரலை விட்டுக் கரியை எடுத்துத் தேய்த்தார். அப்புறம் கேட்டார்: “டூ ஸ்ட்ரோக்தானே சார்? உள்ள இருக்கற எண்ணெய்க் கரியை எடுக்காம நான் தொடமாட்டேன். குரோமையும் எடுத்துக்கொண்டு வாங்க. இதுக்கு முன்னாடி யாராச்சும் பித்தளை வச்சாங்களா?” மஞ்சளை நாங்கள் இன்னும் காட்டியிருக்கவே இல்லை.

## சோதனைத் துண்டு

பேச்சை வைத்து முடிவெடுக்காமல், மூன்று, நான்கு, ஐந்தாம் நபர்களிடம் ஒரே சோதனையைக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். மிக் வெல்டிங் செய்பவரும் தானாகவே ஒரு துண்டை வாங்கிச் செய்து காட்டினார். இப்படிக் கேட்டால் தொழிலாளி சங்கடப்படுவாரோ என்ற தயக்கம் உரிமையாளருக்கு இருந்தது. துண்டுக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொன்னதும் யாரும் சங்கடப்படவில்லை. இலவசமாகக் கேட்பதுதான் மரியாதைக் குறைவு.

துண்டு எதிலிருந்து என்பது முக்கியம். கடையில் வாங்கிய புதிய தகட்டில் சோதித்தால் ஒன்றுமே தெரியாது. இனி எதற்கும் உதவாத, அதே காலத்து வேறொரு சைலன்சரை எடுத்து, கரியும் முலாமும் நீக்கி, கை நீளத் துண்டுகளாக அறுத்தோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை: இரண்டு விளிம்புகளை இடைவெளி இல்லாமல் முட்ட வைத்து இணைக்க வேண்டும், பென்சில் நுழையும் அளவுள்ள ஒரு துளையை அடைக்க வேண்டும். எந்த மெஷின், எந்த ராடு, எத்தனை ஆம்பியர் என்பது அவரவர் விருப்பம்.

திரும்பி வந்தவற்றை மேலிருந்து பார்த்து மதிப்பிடவில்லை. முதலில் திருப்பி உள்பக்கம் பார்த்தோம். வெல்டு உள்ளே வரை இறங்கியிருக்கிறதா, அதிகமாக இறங்கிச் சொட்டாகத் தொங்குகிறதா என்று. பெண்ட் பைப்பின் உள்ளே சொட்டு நின்றால் புகையோட்டத்தை இடறும், கரியும் அங்கேதான் முதலில் பிடிக்கும். பிறகு அரத்தால் மேட்டைத் தகட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்து, வைஸில் பிடித்து வெல்டின் மேலேயே மடக்கினோம்.

மிக் துண்டு மடங்கியபோது வெல்டின் ஓரத்தில் கீறல் விட்டது. தேய்த்த இடத்தில் தகடு கத்தி விளிம்பாக மெலிந்திருந்ததுதான் காரணம். ஸ்டெயின்லெஸ்காரரின் துண்டு எங்களுக்கு வியப்பாக இருந்தது. மேலே அழகு, அரம் போட்டதும் உள்ளே தேன்கூடு போலக் காற்றுத் துளைகள். பழைய எஃகின் துருக்குழிக்குள் ஒளிந்திருந்த அழுக்கு கொதித்து வெளியே வரும்போது அவர் கை நிற்கவில்லை, வழக்கமான வேகத்தில் ஓடிவிட்டது. அவரே துண்டைப் பார்த்துவிட்டு, பழைய இரும்பு தனக்குப் பழக்கமில்லை என்று ஒத்துக்கொண்டார். கேஸ் வெல்டரின் துண்டு குறையே இல்லாமல் மடங்கியது. ஆனால் துண்டு முழுவதும் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. ஐந்தாமவரின் துண்டு பார்வைக்குச் சுமார்தான். வரிசை ஒழுங்காக இல்லை; நிறுத்தி நிறுத்தி வைத்த தடம் தெரிந்தது. ஆனால் துளை இல்லை, உள்ளே சொட்டு இல்லை, மடக்கினால் விடவில்லை, துண்டு நேராகவே இருந்தது.

இந்தச் சோதனை இல்லாவிட்டால் நாங்கள் அழகைப் பார்த்து மூன்றாமவரிடம் கொடுத்திருப்போம். குரோம் பட்டறையில் பஃபிங் (சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) செய்யும்போது அந்தத் துளைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்திருக்கும்.

முடிவு இப்படி ஆனது: வெல்டிங் ஐந்தாமவர். வளைவில் இருந்த நசுங்கலை எடுப்பது நான்காமவர், ஏனென்றால் சூடேற்றி உள்ளிருந்து நெம்பி வெளியிலிருந்து தட்டுவது அவருடைய கைவேலை. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இருவருக்கும் ஒருவரையொருவர் முன்பே தெரியும் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

## வெல்டிங்குக்கு முன்

வெல்டர் கேட்டது இரண்டு: கரி போக வேண்டும், முலாம் போக வேண்டும். இரண்டும் எங்கள் பொறுப்பு.

பேஃபிளை, அதாவது சைலன்சருக்குள் இருக்கும் சத்தத் தடுப்பை, கழற்றியதும் உள்ளே தார் போலக் கெட்டியான எண்ணெய்க் கரி. நெருப்பு மூட்டி எரித்து எடுப்பவர்கள் உண்டு. மெலிந்த தகட்டுக்கு அது ஆகாது என்பதால் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தோம். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் நீண்ட ரப்பர் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதுவும் கூடவே போய்விடக் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். ஊறியபின் பலமுறை கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்தோம்.

சுத்தம் செய்கிறேன் என்று பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிப்பது பலருடைய பழக்கம். குளோரின் கலந்த கிளீனர் ஈரம் வெல்டிங் இடத்தில் மிச்சமிருந்தால், ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும். சுவாசித்தால் உயிரையே எடுக்கும். வெல்டர் தன் பட்டறைக்குள் அந்த டப்பாவையே அனுமதிப்பதில்லை. அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, ஆறவிட்டு, துணியை வெளியே போட்ட பிறகுதான் டார்ச்சைத் தொடுவார். கரி எடுக்கச் சொன்னதற்கும் காரணம் வெல்டின் தரம் மட்டும் அல்ல. எண்ணெய் படிந்த மூடிய சைலன்சரைச் சூடாக்கினால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கலாம்.

முலாம் விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் விவாதம் நடந்தது. வெல்டு செய்யும் இடத்தில் மட்டும் தேய்த்து எடுத்தால் போதும், மீதிக் குரோம் பிழைக்கும் என்பது உரிமையாளரின் ஆசை. குரோம் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெலிசு. அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான் கனம், பழைய வேலைகளில் நிக்கலுக்கும் அடியில் தாமிரம் இருக்கலாம். தாமிரம் 1085 டிகிரி செல்சியஸில் உருகும், எஃகு உருக 1500 டிகிரிக்குப் பக்கம் போக வேண்டும். எஃகு இளகுவதற்குள் உருகிய தாமிரம் அதன் மணிகளுக்கு (எஃகின் நுண்ணிய படிகங்களுக்கு) இடையே புகுந்து, ஆறும்போது விரிசலாக்கும். குரோமியப் புகையில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவம் சேரும், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வெல்டரின் நுரையீரலைப் பணயம் வைத்துக் குரோமைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். எப்படியும் மறுமுலாம் போடத்தான் போகிறோம் என்பதால் அவரும் ஒத்துக்கொண்டார். முலாம் பட்டறையில் கொடுத்து முழுவதுமாக உரித்தோம்.

உரித்து வந்த பைப்பைப் பார்த்தபோது மனசு கனத்தது. மஞ்சள் ஒரு முனையில் அல்ல, விளிம்பைச் சுற்றிப் பாதிக்கு ஓடியிருந்தது. வயிற்றில் சாக்பீஸால் வரைந்த எல்லைக்கு வெளியேயும் துளைகள் தெரிந்தன.

## எடுத்த முடிவுகளும் வேலையும்

பித்தளை இருந்த பகுதியை என்ன செய்வது என்பதில் வெல்டருக்குத் தயக்கமே இல்லை. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது, அது 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். எஃகை உருக்கும் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பி வெல்டைத் துளைத்துக்கொண்டு போகும், புகையை இழுத்தவருக்கு அன்று இரவே காய்ச்சல் குளிர் வரும். கூடவே தாமிரமும் உருகி எஃகுக்குள் இறங்கும். அரைத்து எடுத்தாலும் மணிகளுக்குள் இறங்கியது இறங்கியதுதான். ஆகவே பித்தளை தொட்ட பகுதியை முழு வளையமாக அறுத்து எடுத்துவிட்டு, அதே விட்டமும் அதே கனமும் உள்ள புதிய குழாய்த் துண்டை நடுவில் முட்டவைத்து இணைப்பது என்று முடிவு. அறுக்கும் முன் பைப்பின் மேல் நீளவாட்டில் கீறிக் குறி வைத்து, மொத்த நீளத்தையும் அளந்து எழுதிக்கொண்டோம். கோணமும் நீளமும் அரை மி.மீ. பிசகினாலும் பின்னால் காது விலகி நிற்கும்; மறுபடியும் இழுத்துப் பூட்டும் கதைதான்.

கோணத்தை உறுதி செய்ய வண்டியிலேயே வைத்துப் பார்த்தோம். பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே கொண்டு போனோம். பேட்டரி இணைப்பைத் துண்டித்தோம். வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்ப் பைப்பின் மேலேயே, டேக் (தற்காலிகமாகப் பிடிக்க வைக்கும் பொட்டு வெல்டு) வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள். சட்டத்திலோ எஞ்சினிலோ எர்த் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதன் பரப்பைப் பொரித்துவிடும். முன்பக்கம் கேஸ்கெட் வைத்து நட்டை முழுதாக இறுக்கி, பின்பக்கம் வாஷரோடு காதைப் பூட்டி, பைப் எந்த இழுப்பும் இல்லாமல் தன் இடத்தில் தானாக நின்றபோது மூன்று இடத்தில் மட்டும் சிறிய டேக். காதும் அப்போதே டேக் ஆனது. பிறகு கழற்றி மேசைக்குக் கொண்டுபோய் முழு வெல்டு.

டிசி மின்சாரம், டங்ஸ்டன் மைனஸில், 1.6 மி.மீ. ஊசி. தகட்டின் கனத்துக்கு மி.மீ. ஒன்றுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்ற பொதுக் கணக்கிலிருந்து தொடங்கி, மெலிந்த இடங்களில் கால் பெடலில் இன்னும் குறைத்துக்கொண்டார். ஃபில்லர் ராடு, அதாவது இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி, இஆர்70எஸ்-2 வகை. அதில் டைட்டானியம், சிர்கோனியம், அலுமினியம் சிறிதளவு சேர்ந்திருப்பதால், பழைய எஃகில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துத் துளை விழாமல் காக்கும். பெண்ட் பைப் இணைப்பின்போது இரண்டு முனைகளையும் அடைத்து உள்ளே காற்று படாமல் இருக்க மெல்ல ஆர்கான் வாயு விட்டார். சாதாரண எஃகுக்கு இது கட்டாயம் அல்ல; உட்பரப்பு வழுவழுப்பாக வர வேண்டும் என்பதற்காகவே செய்தார். ஒரு நகக்கண் நீளம் வைப்பார், நிறுத்துவார், எதிர்ப்பக்கம் போவார். கை வைக்கும் அளவு ஆறும் வரை காத்திருப்பார். சோதனைத் துண்டில் நாங்கள் பார்த்த அந்த நிறுத்தி நிறுத்தி வைத்த தடத்துக்கு அர்த்தம் இதுதான்.

வயிற்றுப் பகுதியில் துளைகளை ஒவ்வொன்றாக அடைக்க அவர் மறுத்துவிட்டார். ஒரு துளையை அடைக்கும் சூட்டில் பக்கத்தில் இரண்டு திறக்கும். கனமான தகடு வரும் வரை வெட்டி எடுத்து, அதே வளைவுக்குத் தட்டி உருவாக்கிய புதிய தகட்டை, மேலே ஒட்டாமல் விளிம்போடு விளிம்பு முட்டவைத்து இணைத்தார். ஒட்டுத் துண்டின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வட்டமாக்கினார். மூலையில்தான் சூடும் இழுவிசையும் குவிந்து விரியும். இந்தத் துண்டைத் தட்டி உருவாக்கிக் கொடுத்தவர் கேஸ் வெல்டர். அவர் நசுங்கலை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சுற்றிலும் செந்நிறம் வரும்வரை சூடாக்கி, உள்ளே வளைந்த கம்பியை விட்டு நெம்பிக்கொண்டே வெளியே சுற்றி இருந்த மேட்டைத் தட்டினார். பள்ளத்தைத் தள்ளுவதைவிட மேட்டை இறக்குவதில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார்.

காதுக்கு அடியில் சிறிய தாங்கு தகடு ஒன்று சேர்த்தோம், எடை பரவலாக விழும்படி. வெளியில் தெரியாது.

## பின்விளைவு

முனைகளை ரப்பர் அடைப்பால் மூடி, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். வயிற்று ஒட்டில் ஓரிடத்தில் நுரை கிளம்பியது, வெல்டு தொடங்கி முடியும் இடம். அரைத்து மறுபடியும் வைத்ததும் நின்றது. இந்தப் பரிசோதனையை முலாமுக்கு முன் செய்தாக வேண்டும். ஊசித் துளை இருந்தால் முலாம் தொட்டியின் அமிலம் உள்ளே புகுந்து தங்கி, பின்னால் அங்கிருந்தே குரோமை உரிக்கும்.

வண்டியில் மாட்டியபோது காது தன் துளையில் விரலால் போல்ட் போடும் அளவுக்கு நேராக உட்கார்ந்தது. எனக்கு முழு வேலையிலும் பெரிய நிம்மதி அதுதான். டிக் டிக் ஒலி இல்லை, மூடும்போது வெடிப்பு இல்லை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓடிவிட்டது; விளிம்பில் கறுப்புக் கோடு திரும்பி வரவில்லை.

குறை என்று ஒன்று உண்டு. சைலன்சர் வயிற்றில், வெளிச்சம் சாய்வாக விழும்போது, ஒட்டுத் துண்டின் எல்லை குரோமுக்கு அடியில் மெல்லிய கோடாகத் தெரிகிறது. வெல்டு பக்கத்துத் தகட்டைவிடக் கெட்டி. பஃபிங் சக்கரம் இரண்டையும் சமமாகத் தேய்ப்பதில்லை. மிருதுவான தகட்டை அதிகம் தின்று வெல்டை மேடாக விட்டுவிடுகிறது. பளபளப்பு ஏற ஏற அந்த மேடு கண்ணுக்குத் தெரிகிறது. கீழ்ப்பக்கம் என்பதால் குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும், உரிமையாளர் அதைப் பொருட்படுத்தவில்லை.

## இனி மாற்றிச் செய்பவை

வலப்பக்கப் பைப்பிலும் வயிறு சொத்தையாக ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. அதே வெல்டர்தான், அதே கேஸ் வெல்டர்தான். சில மாற்றங்களோடு.

முலாம் பட்டறைக்காரர் இந்தமுறை முதல் நாளிலேயே பேச்சில் இருப்பார். இடப்பக்கத்தில் அவர் கடைசியாகத்தான் வந்தார். வெல்டு மேட்டைப் பஃபிங் சக்கரத்துக்கு விடாமல், கட்டையில் சுற்றிய எமரித் தாளாலும் நீண்ட அரத்தாலும் கையால் சமன் செய்துவிட்டுக் கொடுத்தால் அந்தக் கோடு குறையும் என்கிறார். முதலில் கனமாகத் தாமிரம் ஏற்றி, அதை மட்டமாகத் தேய்த்து, அதன் மேல் நிக்கலும் குரோமும் போடுவதற்கும் அவர் தயார். மிச்சத்தை அது மறைக்கும். ஆனால் அப்படிச் செய்தால் நாளை யாராவது அந்த இடத்தில் வெல்டு வைக்கும்போது அடியில் தாமிரம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அதனால் எங்கே என்ன செய்தோம் என்பதைப் படத்தோடு எழுதி வண்டியின் காகிதங்களோடு வைக்கிறோம். இடப்பக்கத்துக்கு அது ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

துளை விழும் வரை காத்திருக்கப் போவதில்லை. தகடு இன்னும் வெல்டைத் தாங்கும் கனத்தில் இருக்கும்போதே வெட்டி மாற்றினால் ஒட்டுத் துண்டு சிறிதாக முடியும். பைப்பை வண்டியில் மாட்டிக் கோணம் பார்ப்பதற்குப் பதிலாக, உதவாத பழைய சிலிண்டர் ஒன்றையும் பின்காதின் இடத்தில் ஒரு இரும்புப் பட்டையையும் வைத்து மேசைமேல் ஒரு ஜிக், அதாவது பைப்பைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் அமைப்பு, செய்துகொண்டிருக்கிறார் வெல்டர். வண்டி அருகே நெருப்பே வராது. இடப்பக்கப் பைப்பின் அளவை வலப்பக்கத்துக்குத் திருப்பிப் போட முடியாது என்பதால் வலப்பக்கப் பைப்பைக் கழற்றும் முன், அது வண்டியில் இருக்கும்போதே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறோம். சிலிண்டர் கிடைத்துவிட்டது. பட்டை வெட்டக் கொடுத்திருக்கிறது.